வாயனசாலையில் இரண்டு ரிஜிஸ்டர்

இரண்டு ரிஜிஸ்டர் போட்டது நான்தான். வேறு யார் தலையிலும் அதைக் கட்ட எனக்கு வழியில்லை. அதற்கு முன்னால் எங்கள் வாயனசாலையில், ஊர் நூலகத்தில், ஒரே ஒரு தடித்த நோட்டுதான் இருந்தது. தமிழ்ப் புத்தகம் போனாலும் மலையாளப் புத்தகம் போனாலும் ஒன்றன்கீழ் ஒன்றாக அதிலேயே எழுதுவோம். யாரிடம் எது இருக்கிறது என்று பார்க்கப் பத்துப் பக்கம் புரட்ட வேண்டும். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. எதையும் சீராக வைக்க வேண்டும் என்று ஒரு பிராந்து. இரண்டு புது நோட்டு வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, நீல அட்டை தமிழுக்கு, சிவப்பு அட்டை மலையாளத்துக்கு என்று பிரித்தேன். தேட எளிதாக இருக்குமே என்றுதான் செய்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என் தலையில் நானே கொட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

பாறசாலைக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. அந்த வருஷங்களில் எங்கே எதைப் பேசினாலும் பேச்சு எல்லையில்தான் போய் நிற்கும். திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகள் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று போராட்டம் நடந்துகொண்டிருந்தது. கூட்டம், கதவடைப்பு, போலீஸ் லாரி எல்லாம் பழகிப் போயிருந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் இருந்த நாங்கள் எந்தப் பக்கம் என்பது ஓயாத வழக்கு. கடைசியில் கோடு எங்களுக்குக் கொஞ்சம் கிழக்கே விழுந்தது. நாங்கள் கேரளத்தில் நின்றுவிட்டோம். விழுவதற்கு முன்னால் அந்தக் கோடு எங்கள் புத்தக அலமாரிக்குள்ளேயே ஓடியது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

ஓடு போட்ட இரண்டு அறை, நாலு பெஞ்சு, மூன்று அலமாரி. வாயனசாலை அவ்வளவுதான். ஆனால் வேலைக்குக் குறைவில்லை. மாலையில் பத்திரம், செய்தித்தாள்தான், உரக்க வாசிப்போம், முதலில் தமிழ், பிறகு மலையாளம். எழுத்தறியாத ஆட்கள்தான் கேட்க வருவார்கள், வந்து எழுத்தறிந்தவனுக்கே அரசியல் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார்கள். புதன்கிழமை மனு எழுதிக்கொடுப்போம். செவ்வாயும் வெள்ளியும் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு. சனிக்கிழமை மதியத்துக்குப் பிறகு பெண்கள் வந்து உட்கார்ந்து படிக்கலாம். இத்தனைக்கும் நான் ஒரே ஆள். லைப்ரேரியனும் நான்தான், கூட்டிப் பெருக்குவதும் நான்தான்.

கமிட்டியில் இரண்டு தலைகள். செக்ரட்டரி கொப்பரை வியாபாரி, தமிழ்ப் பக்கம். பிரசிடெண்ட் ஓய்வு பெற்ற வாத்தியார், மலையாளப் பக்கம். இதில் வேடிக்கை என்னவென்றால், செக்ரட்டரி படித்ததெல்லாம் மலையாளப் பள்ளிக்கூடம், தமிழில் இரண்டு வரி எழுதச் சொன்னால் வியர்த்துப்போவார். பிரசிடெண்டோ வீட்டில் மனைவியை ஏசுவது முழுக்கத் தமிழில். நாங்கள் எல்லோருமே அப்படித்தான். வீட்டில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று, சண்டை வந்தால் இரண்டும். இந்த ஊரில் போய் யார் தமிழன், யார் மலையாளி என்று கணக்கெடுக்கக் கிளம்பினால் அது உருப்படுமா?

ஒரு நாள் பத்திரம் வாசித்து முடிந்ததும் பின் பெஞ்சிலிருந்து ஒரு பேச்சு கிளம்பியது. எல்லைக் கிராமங்களில் எந்த மொழி நடக்கிறது என்று பார்க்க ஆபீசர்மார் வருவார்களாம். வந்தால் எதைப் பார்ப்பார்கள்? கடைப் பலகை பார்ப்பார்கள், பள்ளிக்கூடம் பார்ப்பார்கள், வாயனசாலை ரிஜிஸ்டர் பார்ப்பார்கள். யார் முதலில் சொன்னது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அத்தனை கண்ணும் ஒரே நேரத்தில் என் மேசைமேல் இருந்த நீல நோட்டுக்கும் சிவப்பு நோட்டுக்கும் போனதை நான் பார்த்தேன். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட வந்தது. மூடன்.

அடுத்த நாள் தொடங்கியது. அதுவரை வாயனசாலைப் படி மிதிக்காதவர்கள் எல்லாம் வந்து வரிசையில் நின்றார்கள். செக்ரட்டரி ஆட்களை அழைத்து வந்து தமிழ்ப் புத்தகம் எடுக்கவைத்தார். அதைக் கேட்டுப் பிரசிடெண்ட் தம் ஆட்களோடு வந்து மலையாளப் புத்தகம் எடுக்கவைத்தார். என்ன புத்தகம் என்று ஒருவரும் கேட்கவில்லை. "ஒண்ணு தா" என்பார்கள், மரச்சீனிக் கிழங்கு வாங்குவதைப் போல. மூன்று வாரத்தில் அலமாரி மூன்றும் ஏறக்குறையக் காலி. நானும் பத்திரம் வாசிக்கிற நேரத்தில் எழுந்து, நம் வாயனசாலையில் இதுவரை இப்படிப் புத்தகம் போனதே இல்லை என்று சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

கை தட்டி முடித்தபிறகுதான் தெரிந்தது, ஒரு புத்தகமும் திரும்பி வரப்போவதில்லை என்று. இரண்டு கட்சியும் ஒரே உத்தரவு போட்டிருந்தன. ஆபீசர் வீடு வீடாகக் கேட்டால் காட்டுவதற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு புத்தகம் இருக்க வேண்டும். அவர் வந்து போகும்வரை யாரும் திருப்பிக் கொடுக்கக் கூடாது. பனச்சமூட்டில் டீ விற்கிற ஒரு சாயக்கடைக்காரர் இரண்டு கட்சியிடமும் வாங்கி, தமிழை இடதுபக்கமும் மலையாளத்தை வலதுபக்கமும் வைத்திருந்தார். "ஆரு வந்தாலும் காணிக்கலாமே" என்றார் என்னிடம். அவர் ஒருவர்தான் அந்த வட்டாரத்தில் சுத்தமாக உண்மை பேசியவர்.

அந்தச் சமயத்தில்தான் கடப்புறத்திலிருந்து ஒரு பெண் சனிக்கிழமைதோறும் வந்துகொண்டிருந்தாள். காரோட்டுக்கும் தெற்கே, கடலோரம் அவள் வீடு. கணவன் கடலுக்குப் போகிறவன். வேதபாடம் படித்த தமிழ்தான் அவளுடைய படிப்பு. நெய்யாற்றின்கரையில் பேறு பார்க்கிற மிட்வைஃப் படிப்புக்கு ஆள் எடுக்கிறார்கள், அதற்கு ஒரு நேர்முகம் உண்டு என்று கேள்விப்பட்டு, அதற்காகத்தான் வந்தாள். எங்களிடம் பேறுகாலம் பற்றித் தமிழில் ஒரே ஒரு தடித்த புத்தகம் இருந்தது. ஊரைவிட்டுப் போன டாக்டர் ஒருவர் கொடுத்தது. "எங்க அக்கா ரெண்டாம் பேறுல பெய்ட்டா, சாறே. கையப் பிடிக்க அறிஞ்ச ஒருத்தி கிட்ட இல்ல" என்று முதல் நாள் சொன்னாள். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசியதில்லை. வருவாள், படிப்பாள், விரலால் வரி பிடித்துக்கொண்டே படிப்பாள், பஸ்ஸுக்கு நேரம் பார்த்துப் போவாள்.

வெளிப் பஞ்சாயத்து ஆட்கள் மூன்று மாதம் இங்கேயே இருந்து படிக்க வேண்டும், அதன் பிறகுதான் புத்தகத்தை வீட்டுக்குக் கொடுப்போம். கமிட்டி விதி. அந்த விதியைக் கமிட்டி மறந்தே போயிருந்தது, கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான். அவள் பல தடவை கேட்டாள். நான் நோட்டைக் காட்டி இன்னும் இத்தனை நாள் என்று சொல்லி அனுப்பினேன். அந்த மூன்று மாதம் முடிந்த சனிக்கிழமை, புத்தகத்தைப் பொதிந்து கொண்டுபோகத் துவைத்த துணி ஒன்று கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். நேர்முகத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. பாதிப் புத்தகம்கூட அவள் படித்திருக்கவில்லை.

அலமாரியில் புத்தகம் இல்லை. நீல நோட்டைப் புரட்டினேன். போன ஞாயிற்றுக்கிழமை போயிருக்கிறது. எடுத்தவர் பேர்: அவளுடையது. பக்கத்தில் கையெழுத்தும் இருந்தது.

அந்த ஞாயிறு நான் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன், செக்ரட்டரிதான் திறந்து வைத்திருந்தார். அந்த எண்ணம் எனக்கு அப்போது வந்திருக்க வேண்டும். வரவில்லை. மூன்று வாரமாகப் புத்தகம் கேட்டுக் கேட்டு, பொய் கேட்டுக் கேட்டு, எனக்குப் பொறுமை என்று ஒன்று மிச்சமில்லை. பத்திரம் கேட்கப் பத்துப் பதினைந்து பேர் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் வைத்து அவளிடம் பாய்ந்தேன்.

"புத்தகம் உனக்க வீட்டுல இருக்கு. என்னட்ட வந்து கேக்குதியா?"

"எனக்க வீட்டுலயா, சாறே?"

"இந்தா உனக்க பேரு. இந்தா உனக்க ஒப்பு. போன ஞாயித்துக்கிழமை எடுத்திருக்க."

"ஞாயித்துக்கிழமை நான் கோயிலுக்கல்லாம வேற எங்கயும் போகல்ல. இது எனக்க ஒப்பு இல்ல."

"எல்லாரும் இதத்தான் சொல்லுதாவ. உனக்கும் கட்சி வந்தாச்சு, இல்லியா? எடுத்தா எடுத்தேண்ணு சொல்லு. கள்ளம் பறயாதே."

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அவள் அழவில்லை. துணியை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "இன்னும் ஒம்பது நாளு உண்டு, சாறே" என்றாள். போய்விட்டாள்.

பத்திரம் வாசித்து முடிந்து ஆட்கள் போன பிறகு, வீம்புக்குத்தான், அவளுடைய சேர்க்கைத் தாளை எடுத்துப் பார்த்தேன். அவள் கையெழுத்து எனக்கு ஓர்மை வந்தது. கடப்புறத்துப் பழைய ஆட்கள் சிலரைப் போல, பேருக்கு முன்னால் சின்னதாக ஒரு குருசு, சிலுவை அடையாளம், வரைந்துவிட்டுத்தான் எழுதுவாள். அது இல்லாமல் பேனாவே நகராது அவளுக்கு. தாளில் குருசு இருந்தது. நோட்டில் இல்லை. எழுத்தும் வேறு, மலையாளம் எழுதிப் பழகிய உருண்டை எழுத்து. யாருடைய கை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

நேராகக் கொப்பரைக் கடைக்குப் போனேன். செக்ரட்டரி கொஞ்சமும் மறைக்கவில்லை.

"எலே மக்கா, என்னத்துக்கு இப்பிடிக் கெடந்து துள்ளுத? மெம்பர் லிஸ்டுல உள்ள எல்லாரு பேருலயும் ஒவ்வொண்ணு எழுதினோம். கடப்புறத்து ஆளுகளும் தமிழாக்கும்ணு காணிக்கண்டாமா? அவ தமிழுதானே?"

"தமிழுதான் அண்ணே. அதனாலதான் அவளுக்கு அந்தப் புத்தகம் வேணும். மலையாளம் வாசிக்கத் தெரிஞ்சா அவ நம்மகிட்ட எதுக்கு வாறா? அது இப்பம் எங்க இருக்கு?"

"கடவத்துல அள்ளி வீடு வீடாக் கொடுத்தோம். எது எங்க பெய்ட்டுண்ணு ஆரு கண்டா? ஆபீசர்மாரு வந்து போகட்டு. பின்ன இருந்து படிக்கட்டு. புத்தகம் எங்கயும் ஓடாது."

ஆபீசர்மார் யாரும் எங்கள் வாயனசாலைக்கு வரவே இல்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பிரசிடெண்ட் வீட்டுக்குப் போனேன். அவர் முகம் மலர்ந்தது. "ஒரு பராதி எழுதித் தா. தமிழ் ரிஜிஸ்டரில கள்ள ஒப்பு உண்டுண்ணு. பாக்கி நான் நோக்கிக்கிடுதேன்" என்றார். நோட்டைப் பூட்டித் திருவனந்தபுரத்துக்கு அனுப்பிவிடுவாராம். அப்போது புத்தகம்? "அது பின்ன நோக்காம்." அவர் பக்கத்துச் சிவப்பு நோட்டில் என் அம்மா பேரில் ஒரு மலையாள நாவல் போயிருந்தது. அம்மாவுக்கு எந்த மொழியிலும் ஓரெழுத்து தெரியாது. அதைச் சொன்னேன். "அது வேற விஷயம்" என்றார். இரண்டு பேரையும் ஒரே கயிற்றில் கட்டிக் கிணற்றில் இறக்கினால் என்ன என்று தோன்றியது. ஆத்திரத்தில் அவர் வீட்டு கேட்டை நான் அடைத்த அடியில் கொண்டி பெயர்ந்து கையோடு வந்துவிட்டது.

மறுநாளிலிருந்து தேடினேன். நோட்டைப் பார்த்துத் தேட முடியாது, நோட்டில் இருந்ததெல்லாம் பொய். சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினேன். குன்னத்துகாலில் ஒரு வீட்டில் அண்ணன் தமிழ், தம்பி மலையாளம். முன்னறையின் இரண்டு மூலையில் இரண்டு புத்தகம், ஒருவன் புத்தகத்தை மற்றவன் தொடக் கூடாது. இன்னொரு வீட்டில் ஆடுகிற கட்டிலுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள். எடுத்துப் பார்க்கிறேன் என்றால் செக்ரட்டரி சொல்லாமல் தரமாட்டோம் என்றார்கள். பேறுகாலப் புத்தகம், தடித்தது, பச்சை அட்டை என்று தொண்டை வறளச் சொன்னேன். யாருக்கும் தங்கள் வீட்டில் இருப்பது எந்தப் புத்தகம் என்றே தெரியவில்லை. ஒரு நாள் போனது, நாலு நாள் போனது, ஒரு வாரம் போனது. நடுவில் வந்த சனிக்கிழமை அவள் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பனச்சமூட்டிலிருந்து வெள்ளறடை போகிற வழியில், ஒரு மரச்சீனி விவசாயி வீட்டு முன்னறையில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் பச்சை அட்டையைப் பார்த்தேன். பூ வைத்திருந்தார்கள். திறந்தால் பாதிக்குமேல் ஒட்டிக்கொண்டிருந்தது. "படமெல்லாம் கண்ட கோலத்துல கெடக்கு. வீட்டுல கொச்சுப் பிள்ளைய உண்டும், வாறவன் போறவனுக்கு முன்ன வச்சிருக்கிய சாதனம். அதனால ஒட்டி வச்சேன்" என்றார் அவர். மரச்சீனிப் பசை. நல்ல மனிதர், வருத்தத்தோடுதான் சொன்னார். புத்தகத்தைத் தரமாட்டேன் என்றவரிடம் என் சொந்தப் புத்தகம் ஒன்றைக் கொடுத்து, இதுவும் தமிழ்தான், விளக்குப் பக்கத்தில் இதை வையுங்கள் என்று மாற்றி வாங்கினேன். வீட்டுக்கு வந்து ஈரத்துணி வைத்துப் பக்கம் பக்கமாகப் பிரித்தேன். சில பிரிந்தன, சில கிழிந்தன.

திங்கட்கிழமை விடிந்ததும் சைக்கிளில் கடப்புறத்துக்குப் போனேன். பஸ்ஸுக்கு முன்னால் அவளைப் பிடித்தால் வழியிலாவது படிப்பாளே என்று ஒரு நப்பாசை. அவள் அதற்கு முந்தின பஸ்ஸில் போய்விட்டிருந்தாள். திரும்பிவர மனமில்லை. வலை காயப்போட்டிருந்த இடத்தில், மடியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். போகிற வருகிற பெண்கள் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மாலையில் வந்தாள். நல்ல புடவை, கால் நிறைய மணல். என்னைப் பார்த்து நின்றாள், புத்தகத்தைப் பார்த்தாள். கை நீட்டவில்லை.

"கிட்டல்ல, சாறே" என்றாள். "நாலு கேள்வி கேட்டாவ. ரெண்டுக்குச் சொன்னேன், நான் படிச்ச பாகத்துல உள்ளது. பின்ன உள்ளது எனக்குத் தெரியல்ல. புத்தகம் ஏதாவது படிச்சு முடிச்சியாண்ணு கேட்டாவ. இல்லண்ணு சொன்னேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மன்னிப்புத்தான். அவள் முந்திக்கொண்டாள்.

"உங்க நோட்டுல நான் படிச்சதா இருக்குண்ணு தெரிஞ்சுதான் இல்லண்ணு சொன்னேன். அது போட்டு. நீங்க ஒரு காரியம் செய்யணும். அண்ணைக்கு அம்புட்டு ஆளுக்கு முன்ன என்னக் கள்ளியாக்கினியள்லா? அதே ஆளுகளுக்கு முன்ன, நான் எடுக்கல்லண்ணு சொல்லணும். எங்க வீட்டுல உள்ளவனுக்க காது வரை அந்தப் பேச்சு வந்தாச்சு. பின்ன ஒண்ணும் வேண்டாம் எனக்கு."

சொல்கிறேன் என்றேன். புத்தகத்தை நீட்டினேன். அடுத்த வருஷமும் ஆள் எடுப்பார்கள், வைத்துக்கொள் என்றேன். "வேண்டாம். எழுதாம எடுத்தேண்ணு நாளைக்கு வேற ஒண்ணு வரும்" என்று உள்ளே போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை பத்திரம் வாசிக்கிற நேரத்தில் அந்தப் பதினைந்து பேரும் இருந்தார்கள். செக்ரட்டரியும் பிரசிடெண்டும் இருந்தார்கள். பத்திரத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்து நின்று சொன்னேன். அன்றைக்கு நான் ஏசியது தப்பு, அவள் புத்தகம் எடுக்கவில்லை, அவள் பேரில் வேறு ஆள் கையெழுத்துப் போட்டது, புத்தகம் கிடைக்காமல் அவள் நேர்முகத்தில் தோற்றுவிட்டாள் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன்.

முன் பெஞ்சிலிருந்து ஒருவர் கேட்டார்: "அப்பம் அந்தப் புத்தகம் எந்தக் கணக்குல வரும்?"

அவ்வளவுதான். அந்த வரியை வெட்ட வேண்டும் என்றார் பிரசிடெண்ட். வெட்டக் கூடாது, யார் எடுத்தாலும் தமிழ்ப் புத்தகம் போனது போனதுதானே என்றார் செக்ரட்டரி. ஒரு வரி வெட்டினால் எல்லா வரியையும் பார்க்க வேண்டும் என்றார்கள் இந்தப் பக்கம். அப்படியானால் சிவப்பு நோட்டையும் எடு என்றார்கள் அந்தப் பக்கம். பெஞ்சைத் தட்டினார்கள், வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து மறுபடியும் கத்தினார்கள். இரண்டு மணி நேரம் நடந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் அவளைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. நீல நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, என் நோட்டில் வெட்டுக்கோடு விழ விடமாட்டேன் என்று அவர்களுக்கு மேலே கத்திக்கொண்டிருந்தேன்.